புதுப்பிப்பு: ஒளிரும் கார்பன் புள்ளிகளும் சர்க்கரை அளவும்
புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கார்பன் நானோ புள்ளிகளை (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய கார்பன் துகள்களை) வைத்து குளுக்கோஸைக் கண்டறியலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். "விரலைக் குத்தாமல் கண்ணீரில் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது.

புள்ளியின் மேற்பரப்பில் போரோனிக் அமிலம் இருந்தால், அது குளுக்கோஸின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளைப் பற்றிக்கொள்ளும். ஒரே குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு புள்ளிகளைப் பிணைக்கும். புள்ளிகள் இப்படித் திரளத் திரள ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்று பார்த்து அளவைக் கணக்கிடலாம். வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளில் இருப்பதுபோல நொதி (என்சைம்) தேவையில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் இந்த அமிலம் ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரையை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ரத்தத்தில் ஃபிரக்டோஸ் மிகக் குறைவு என்பதால் அங்கே சமாளிக்கலாம்.

சரி, கண்ணீர்? அதில் குளுக்கோஸ் ரத்தத்தைவிடப் பல மடங்கு குறைவு. கண் உறுத்தி நீர் சுரந்தாலே அளவு மாறிவிடும். கண்ணீரில் குளுக்கோஸை அளக்க 2014-இல் கூகுள் அறிவித்த கான்டாக்ட் லென்ஸ் வேறு வகைதான்; ஒளியை அல்ல, வேதிவினையால் எழும் மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதி உணரி. அதுவும் 2018-இல் நிறுத்தப்பட்டது.

என் நம்பிக்கை கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்கள்) மீதுதான். அவை உமிழும் அண்மை அகச்சிவப்பு ஒளி (கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) தோலைத் தாண்டி வெளியே வரும் என்பதால், தோலுக்கடியில் வைத்தே அளக்க வழியுண்டு.