வெடித்தெழும் விண்மீனின் ஒளியை அளந்த அனுபவங்கள்: டெல்டாவிலிருந்து மூவர்

திருவையாற்றிலிருந்து:

2021ஆம் ஆண்டு ஆடி அமாவாசை ஆகஸ்ட் 8 அன்று வந்தது. அதே நாளில்தான் ஓஃபியூக்கஸ் விண்மீன் குழுவிலுள்ள ஆர்.எஸ். ஓஃபியூக்கி வெடித்திருப்பதை அயர்லாந்தைச் சேர்ந்த கீத் கியரி கண்டறிந்தார். வெண்குறு விண்மீன் ஒன்று தன் துணையான செம்பெரு விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை இழுத்துச் சேர்த்துக்கொண்டே வந்து, அது தாங்கும் அளவைக் கடந்ததும் அணுப் பிணைவில் வெடிக்கிறது. 1985, 2006 ஆகிய ஆண்டுகளிலும் இது இவ்வாறு வெடித்திருக்கிறது.

வழக்கமாகப் பதினொன்றாம் பொலிவெண்ணுக்கும் கீழே மங்கிக் கிடக்கும் இந்த விண்மீன், ஏறத்தாழ 4.5 வரை எழுந்திருந்தது. பொலிவெண் என்பது விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். எங்கள் ஊருக்கு வெளியே, குறுவை வயல்களுக்கு நடுவே செல்லும் வாய்க்கால் கரையிலிருந்து, கேட்டைக்கு வடகிழக்கே வெறுங்கண்ணால் அதைப் பார்க்க முடிந்தது. அருகில் 3.3 பொலிவெண் கொண்ட நியூ ஓஃபியூக்கியும் 4.6 கொண்ட மியூ ஓஃபியூக்கியும் இருந்தது நம் நல்வாய்ப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் வெடித்த விண்மீன் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பங்கிட்டுச் சொல்வதுதான் மதிப்பீடு. கருவி எதுவும் வேண்டியதில்லை. சில நாட்களிலேயே அது மியூவைவிட மங்கிப்போனதால் 10×50 இருகண்நோக்கி தேவைப்பட்டது. இரண்டு வாரங்களில் அதன் ஒளி சுமார் மூன்று பொலிவெண் அளவுக்குச் சரிந்தது, அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது.

நாட்கள் செல்லச் செல்ல அதன் நிறம் சிவந்ததைக் கவனித்தேன். செந்நிற விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை ஒப்பீட்டு விண்மீனுக்கு மாற்றிவிடுவேன். இருகண்நோக்கியின் குவியத்தைச் சற்றே கலைத்து, இரண்டையும் மங்கலான வட்டுகளாக்கிப் பார்த்தால் நிறத்தின் தொல்லை குறைகிறது. பிறர் பதிவிட்ட எண்களைப் பார்ப்பதற்கு முன்பே என் எண்ணை எழுதிவிடுவதும் என் வழக்கம். பார்த்த பிறகு எழுதினால் கண் ஊரோடு ஒத்துப்போய்விடுகிறது.

வேதாரண்யத்திலிருந்து:

திருவையாற்று நண்பருக்குக் கிடைத்த உச்சி வானம் எனக்குக் கிடைக்கவில்லை. 2013 டிசம்பர் தொடக்கத்தில் செண்டாரஸ் குழுவில், பீட்டா செண்டாரிக்கு மிக அருகில் தோன்றிய நோவாவை, அதாவது இவ்வாறு வெடித்தெழும் விண்மீனை, நான் கொடியக்கரைப் பக்கம் சென்று பார்த்தேன். விடியலுக்கு முன் தென்கிழக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே மட்டுமே அது தெரியும் என்பதாலும், அந்தத் திசையில் கடலைத் தவிர விளக்குகள் எதுவும் இல்லை என்பதாலும், டெல்டாவில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், பத்துப் பாகை உயரத்தில் நிற்கும் விண்மீன் உச்சியில் இருப்பதைவிட ஒரு பொலிவெண்ணுக்கும் மேலாக மங்கித் தெரியும். ஆகவே ஒப்பீட்டு விண்மீனும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தாக வேண்டும். பீட்டா செண்டாரி பக்கத்திலேயே இருந்தும் 0.6 என்ற அதன் பிரகாசம் ஒப்பிடப் பயன்படவில்லை. எப்சிலான் செண்டாரியை எடுத்துக்கொண்டால் அது சற்று மேலே இருக்கும். அந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நோவா மாத நடுவில் சுமார் 3.3 வரை உயர்ந்து, பின்னர் இறங்கி, மீண்டும் ஏறி, ஒரே சீராக மங்காமல் போக்குக் காட்டியது. அடிவான மூட்டத்தால் மங்கியதா, தானே மங்கியதா என்பதைப் பிரித்தறியச் சம உயர ஒப்பீடு ஒன்றே துணை.

இடையே ஒரு செய்தி. ஐந்து பொலிவெண் வேறுபாடு என்பது ஒளியில் நூறு மடங்கு என்று வரையறுத்த ஆங்கிலேய வானியலாளர் போக்சன் 1861 முதல் சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றினார். அங்கே அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார்.

மன்னார்குடியிலிருந்து:

நான் இன்னும் காத்திருப்பவன். 1866இலும் 1946இலும் வெடித்து இரண்டாம் பொலிவெண் வரை எழுந்த டி கொரோனே போரியாலிஸ் என்ற விண்மீன்தான் என் இலக்கு. சுவாதிக்கு வடகிழக்கே வடமகுடக் குழுவில், எப்சிலான் விண்மீனுக்கு ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி அதன் இடம். மேகமில்லாத இரவுகளில் நேரத்தைக் குறித்து, இன்ன பொலிவெண் வரை பார்த்தேன், அது தெரியவில்லை என்று எழுதி வைக்கிறேன். வெடிப்பு எந்த மணிநேரத்தில் தொடங்கியது என்பதை நெருக்கிச் சொல்ல இத்தகைய பதிவுகளே உதவும். இந்திய நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தில் எழுத மறக்கக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் விடியற்காலை ஐந்தரை வரை உலக நேரத்தில் முந்தைய நாள் தேதியே இருக்கும்.

வெடித்தபின் 2.2 கொண்ட ஆல்ஃபெக்கா அருகிலேயே ஒப்பீட்டுக்கு இருக்கிறது. அதையும் தாண்டி ஏறினால், சுவாதி மிகப் பிரகாசமானது என்பதால் 2.1 கொண்ட ராசல்ஹேக்கைத்தான் நாட வேண்டும். அது கிழக்கே பிந்தி எழுவது ஆகையால், இரண்டும் சம உயரத்துக்கு வரும்வரை காத்திருந்து எண்ணைக் குறிப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன்.