தேக்குத் தளத்தில் கருங்கறை: பிளீச்சிங் பவுடர் போடலாமா?

வணக்கம். கீழக்கரையில் எங்கள் பழைய வீட்டு மாடித் தளம் முழுக்கத் தேக்குப் பலகை. உப்புக் காற்றில் ஆணிகள் துருவேறி, ஒவ்வொன்றையும் சுற்றிக் காசளவுக்குக் கறுப்பு வளையம். ஜன்னலோரம் சாரல் பட்ட இடமும் கறுத்துக் கிடக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். மொசைக் தரைக்கும் அவரிடம் இதே மருந்துதான்!

நான் அறிந்தவரை, குளோரின் பிளீச் சாயக் கறையைத்தான் எடுக்கும். துருவும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலமே சரி. பிளீச்சும் அமிலமும் ஒன்றன்மேல் ஒன்று பட்டால் குளோரின் வாயு கிளம்பும். உம்மாவுக்கு இளைப்பு வேறு இருக்கிறது.

தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: பழைய வார்னிஷை முழுதும் தேய்த்தெடுத்த பிறகுதானே அமிலம் பூச வேண்டும்? லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு? ஆணிகளைப் பிடுங்கிப் பித்தளைத் திருகாணி போடாவிட்டால் கறை திரும்ப வருமா? மரத்தின் நிறத்தை வெளுக்க எனக்கு ஆசையில்லை. கறை போனால் போதும். ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் பொறுமையாக வேலை செய்கிற ஆசாரி இருந்தாலும் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் பலகை காயாது.