புதுப்பிப்பு: சமையல் மேடை கான்கிரீட்டில் செங்கல் நிறம் வந்துவிட்டது

சமையல் மேடைக்கு வார்த்துப் பார்த்த மாதிரியில் சிவப்பு ஆக்சைடு நிறப்பொடி கலந்தும் சேற்று நிறமே வருகிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, சாம்பல் சிமென்டை விட்டு வெள்ளை சிமென்டுக்கு மாறச் சொன்ன யோசனைதான். ஓர் அடிச் சதுரத்தில் நான்கு மாதிரிகள் வார்த்தேன்: சிமென்டின் எடையில் 2, 4, 6, 10 சதவீதம் ஆக்சைடு. ஆறுக்கும் பத்துக்கும் என் கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. நான்கு சதவீதமே போதும் என்று முடிவு செய்தோம். கொத்தனார் கைப்பிடிக் கணக்கில்தான் போடுவேன் என்றார். சமையலறைத் தராசை நீட்டினேன்; முகம் சுளித்தாலும் எடை போட்டார். தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும் என்று எச்சரித்திருந்தீர்கள், அதையும் அளந்தே ஊற்றினோம்.

எதிர்பாராதது ஒன்று: கான்கிரீட் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க ஈரச் சாக்கு போர்த்தி வைத்ததில் அதன் நெசவு அப்படியே மேடையில் பதிந்துவிட்டது, கூடவே வெள்ளை உப்புப் படிவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பெரும்பாலும் போயிற்று. அடுப்பு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாக இன்னும் தெரிகிறது.

சீலர் (கறை இறங்காமல் காக்கும் மேற்பூச்சு) பூசியதும் நிறம் ஒரு படி கருத்தது. ஆகவே மாதிரியிலும் சீலர் பூசிய பிறகே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். சீலர் பூசாத மாதிரியில் சிந்திய புளிக்கரைசல் ஒரே இரவில் வெளிறிய வட்டத்தை விட்டது. அந்தத் துண்டை இப்போது சூடான தோசைக்கல்லை இறக்கி வைக்கப் பயன்படுத்துகிறோம்.