ஒரே கூரையில் வீடும் தொழுவமும்: ரஷ்யாவின் வடபகுதிக் காட்டுக் கிராமங்கள்

கேள்வி:
ஆர்க்காங்கெல்ஸ்க், கரேலியா பகுதிகளின் பழைய மரவீடுகளைப் படங்களில் பார்க்கும்போது, மனிதர் வாழும் அறைகளும் மாட்டுத் தொழுவமும் புல் சேமிக்கும் பரணும் ஒரே கூரைக்குள் அடங்கியிருப்பதைக் காண்கிறேன். சுற்றிலும் நிலம் தாராளமாகக் கிடக்க, அனைத்தையும் இப்படி ஒட்டிக் கட்டியதற்கு வறுமைதான் காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வறுமை காரணம் அன்று. அப்பகுதியில் பிரபுக்களின் பண்ணையடிமை முறை பெரும்பாலும் வேரூன்றவில்லை; அரசுக்கு வரி செலுத்திய உழவர்கள் தங்களுக்கெனப் பெரிய வீடுகளையே கட்டிக்கொண்டார்கள். உண்மையான காரணம் மாடுதான். ஆண்டில் பாதிக்கு மேல் மேய்ச்சலுக்கு வழியில்லாததால், கோடையின் குறுகிய வாரங்களில் அறுத்து உலர்த்திய புல்லைக் கொண்டே அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தொழுவத்துக்கு மேலேயே பரண் இருக்கும். வெளியிலிருந்து அதற்கு ஏறும் மரச் சாய்தளத்தில் குதிரை வண்டியே புல்லோடு மேலே போய்விடும். பனிப்புயல் அடிக்கும் நாளிலும் வீட்டுப் பெண் வெளியே கால் வைக்காமல் புல்லைக் கீழே தள்ளி, பாலையும் கறந்து திரும்பலாம். ஒனேகா ஏரியின் கிஷி தீவு அருங்காட்சியகத்தில் உள்ள 1876-ஆம் ஆண்டின் ஒஷெவ்னெவ் வீட்டில், கூரையின் ஒரு சரிவு குறுகிச் செங்குத்தாகக் குடியிருப்பின் மேலும், மற்றொன்று நீண்டு தொழுவத்தின் மேலும் இறங்குகிறது. இந்த அமைப்பைக் 'கோஷெல்', அதாவது கூடை, என்கிறார்கள். மிகப் பொருத்தமான பெயர் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
அடுப்பைச் சொல்லாமல் அந்த வீட்டைச் சொல்ல முடியாது. அறையின் பெரும் பங்கை அடைத்து நிற்கும் அதில் காலையில் விறகெரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, சூடேறிய தளத்தில் கம்புமாவு போலக் கருத்திருக்கும் ரை மாவு ரொட்டியைச் சுடுவார்கள். பிறகு கஞ்சிப் பானையை உள்ளே வைத்து வாயை மூடிவிட்டால், தணல் இல்லாமலேயே அது மெல்ல வெந்துகொண்டிருக்கும். இரவில் அடுப்பின் மேல்தளம் முதியோரும் குழந்தைகளும் உறங்கும் இடமாகும். சுவர்க் கட்டைகளின் இடைவெளியில் அடைத்த பாசி குளிரைத் தடுத்து, அந்தச் சூட்டை உள்ளேயே நிறுத்தியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆனால் மரவீட்டுக்குள் இத்தனை உலர்ந்த புல்லும், நாள்தோறும் எரியும் அடுப்பும் இருந்தால், தீப்பிடித்தால் ஒரே இரவில் அனைத்தும் போய்விடுமே?

மறுமொழி 1:
அந்த அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அதனால்தான் புகைபோக்கி இல்லாமல், கல் அடுக்கைச் சூடாக்கி, புகையைக் கதவு வழியே வெளியேற்றும் 'பான்யா' என்ற நீராவிக் குளியலறையை ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ ஒதுக்கிக் கட்டினார்கள். தானியக் களஞ்சியமும் வீட்டை ஒட்டி இராது. எலி ஏறாதபடி கால்களின் மேல் உயர்த்தி, தள்ளியே வைத்தார்கள். வீடு எரிந்து போனாலும் அடுத்த விதைப்புக்கான தானியம் அங்கே மிஞ்சியிருக்கும்.