வீடற்றோர் காப்பகம் நடத்த அரசு நிதி: நம்பி இறங்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் 50 பேர் தங்கும் வீடற்றோர் காப்பகத்தை எடுத்து நடத்தச் சொல்லி எங்கள் அறக்கட்டளையைக் கேட்டிருக்கிறார்கள். நகர்ப்புற ஏழைகளுக்கான மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் நிதி இருக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் நன்கொடை வாங்கி ராத்திரி சாப்பாடு கொடுத்துவரும் சின்னக் கூட்டம்தான். இறங்கலாமா?

கணக்குப்பிள்ளை:
ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் இறங்குங்கள். அந்தத் திட்டத்தில் 50 பேர் காப்பகத்தை நடத்த வருடத்துக்கு 6 லட்சம், ஐந்து வருடம் வரை என்று வைத்திருந்தார்கள். ஒரு மேலாளர், ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று காப்பாளர்கள் போடச் சொன்னதும் அதே விதிதான். மாதம் 50,000 ரூபாயில் நாலு பேர் சம்பளம் போக கரண்ட் பில்லுக்கும் பினாயிலுக்கும் பெட்ஷீட் துவைக்கவும் என்ன மிஞ்சும், நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவும் போன தவணைப் பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை நகரும். நான் கணக்கு பார்த்த இடத்தில் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போய், ஒரு காப்பாளர் தீபாவளிக்கு முதல் நாள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம், அந்த இயக்கமே 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் தருவார்கள், மாநகராட்சியின் பொது நிதியிலிருந்தா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பாரிமுனை:
எனக்கு வேறு கோபம். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எல்லாரும் கட்டடத்தைத்தான் எண்ணுகிறார்கள். சென்னை பிராட்வே பக்கம் நடைபாதையில் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள், புருஷன் ஓரிடம் பெண்டாட்டி பிள்ளைகள் இன்னோரிடம் என்றால் யார் வருவார்கள்? அடுப்பு, தட்டுமுட்டு, பூக்கட்டும் வேலை எல்லாம் அங்கேயே கிடக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது ஒரு ஒற்றை அறைக்கு அட்வான்ஸ், அதற்கு இந்த நிதியில் இடமில்லை.

வைகைக்கரை:
அட்வான்ஸை நாங்களே கொடுத்தால்?

கணக்குப்பிள்ளை:
தாராளமாகக் கொடுங்கள், நன்கொடைப் பணத்தில். ஆனால் அரசுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துவிடுங்கள், இரண்டும் கலந்தால் தணிக்கையில் உங்களைத்தான் பிடிப்பார்கள்.