புதுப்பிப்பு: கண்டிப்பான சபையில் வளர்ந்ததைப் பற்றி அம்மாவிடம் பேசியாச்சு

நகை, டிவி, சினிமா எல்லாமே பாவம் என்ற பெந்தெகொஸ்தே சபையில் பினாங்கில் வளர்ந்தேன். அதைப் பற்றி அம்மாவிடம் சண்டையில்லாமல் எப்படிப் பேசுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார், அவ்வளவுதான். பலித்தது, "கேள்வி கேட்காதீங்க, பழைய போட்டோக்களை முன்னால வைங்க" என்ற யோசனை.

அப்போது எங்கள் வீடு டத்தோ கிராமாட் சாலை ஓரம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் அந்த வழியாகத்தான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும். எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, முழங்காலில் ஜெபம். வெளியே தேங்காய் உடைகிற சத்தம் மட்டும் கேட்கும். எட்டு வயதில் திரையை விலக்கிப் பார்த்து அடி வாங்கினேன். அதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "நான் அடுப்படி ஜன்னல்ல பார்த்துட்டு வந்துதான் உன்னை அடிச்சேன்."

அப்புறம் எதிர்பாராதது ஒன்று: ஒரு மைலோ டின். உள்ளே, பஞ்சில் சுற்றி, ஞானஸ்நானத்துக்கு முன் கழற்றிய தோடு. அவர் காது ஓட்டை தூர்ந்தே போயிருக்கிறது.

சபையைப் பற்றி இன்னும் நேராகப் பேசவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன்.