டியூப்லைட்டில் எடுத்த பிலிம் படங்களில் பச்சை படிகிறது: ஃபில்டரா, ஸ்கேனில் திருத்தமா?

கேள்வி:
காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத் தறிக்கூடத்தைக் கோடாக் கோல்டு 200 பிலிமில் படமெடுத்து வருகிறேன். வெளிச்சம் முழுவதும் பழைய 40 வாட் டியூப்லைட்டுகளிலிருந்து வருகிறது, ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை. ஸ்கேனில் சுண்ணாம்புச் சுவர் பாசி பிடித்தது போலவும், அரக்கு நிறப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) மங்கிய பழுப்பாகவும் தெரிகின்றன. அடுத்த ரோலுக்கு ஃபில்டர் வாங்குவது அவசியமா?

மறுமொழி 1:
டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டரில் வலுவான பச்சை ஒளியை உமிழ்கிறது. நம் கண் அதற்குப் பழகிவிடுகிறது; 5500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்கென்று தயாரித்த பிலிம் அதை அப்படியே பதிந்துகொள்கிறது. டியூப்லைட்டுக்கென்றே விற்கும் எஃப்எல்-டி ஃபில்டரோ, பச்சைக்கு எதிர்நிறமான மெஜந்தாவில் வரும் சிசி30எம் ஃபில்டரோ இந்தப் பச்சையைப் பெருமளவு குறைத்துவிடும். சிசி30எம் போட்டால் சுமார் 2/3 ஸ்டாப் கூடுதல் எக்ஸ்போஷர் தேவை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா என்றால் மீட்டரே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 2:
எடுத்த நிறமே நேராகப் படமாக நிற்கும் ஸ்லைடு பிலிம் என்றால் ஃபில்டர் கட்டாயம். உங்கள் கோல்டு 200 போன்ற நெகட்டிவுக்கு அப்படியில்லை. இந்த வெளிச்சத்தில் பிலிமில் பச்சையை உணரும் அடுக்கு நிறையப் பெற்றுக்கொள்ள, சிவப்பை உணரும் அடுக்கு பட்டினி கிடக்கிறது. நிழல் பகுதிகளை ஸ்கேனில் மீட்க முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான். ஐஎஸ்ஓ 200 பிலிமை கேமராவில் 100 என்று அமைத்து ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் அந்த அடுக்கும் போதுமான அளவு பதிவாகும், மிகுந்த பச்சையை ஸ்கேனில் கழித்துக்கொள்ளலாம். ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்கிறது என்ற குறையும் இங்கே பெரிதாக எடுபடாது, ஏனெனில் ஃபில்டர் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே ஸ்டாப்பைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. ரோலின் முதல் ஃபிரேமில் அதே விளக்கின் கீழ் ஒரு சாம்பல் அட்டையை எடுத்துவிட்டால், அது சாம்பலாகத் தெரியும்வரை ஸ்கேனில் நிறத்தைத் திருத்தலாம்; லேபின் தானியங்கித் திருத்தத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அரக்கு நிறமும் இந்த முறையில் திரும்பிவிடுமா? கூடத்தின் ஒரு பக்கத்தில் ஜன்னலும் இருக்கிறது.

மறுமொழி 1:
அரக்கு முழுமையாகத் திரும்பாது. பழைய குழாய்களின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு; ஃபில்டர் இருப்பதைக் குறைக்குமே தவிர, இல்லாத சிவப்பைக் கொண்டுவராது. தறிக்கு நேர் மேலே இருக்கும் ஒரு குழாயை மட்டுமாவது 865 என்று அச்சிட்ட டிரை-பாஸ்பர் குழாயாக (மூன்று வகைப் பாஸ்பர் பூசி, நிறங்களை இன்னும் சரியாகக் காட்டும் குழாய்) மாற்ற உரிமையாளர் சம்மதித்தால், வேறெந்தத் திருத்தத்தையும்விட அது பட்டின் நிறத்துக்கு நல்லது. ஜன்னல் வெளிச்சம் கலந்தால் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் பொருந்தாது: டியூப்லைட்டுக்குத் திருத்தினால் ஜன்னல் பக்கம் மெஜந்தாவாகிவிடும். எனவே ஜன்னலை மூடுங்கள், அல்லது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் நம்புங்கள்.

மறுமொழி 2:
ஷட்டர் வேகத்தையும் கவனியுங்கள். பழைய சோக் பொருத்திய டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/250 நொடி வைத்தால் அடுத்தடுத்த ஃபிரேம்களில்கூட நிறமும் வெளிச்சமும் மாறிப் பதிவாகும். 1/30 நொடி அல்லது அதற்கும் மெதுவான வேகத்தில், முக்காலியில் வைத்து எடுங்கள். நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கட்டையை) ஓட்டும் கை சற்றுக் கலங்கித் தெரிவதில் எனக்கு ஆட்சேபமில்லை.